இடது கீழ்த்தாடை

புலோலியில் மலகூடக் குழி வெட்டுகிற யேசுரட்ணம்
இரவு எட்டு மணிக்கு அழைத்தார்.
"பிள்ளை, பல்லு மாதிரிக் கிடக்கு.
சின்னப் பல்லு.
மண்வெட்டியக் கீழ வைச்சிட்டன்."
கருங்கல்லுக்கே மண்வெட்டியைக் கீழே வைக்காத ஆள்.

விடிய, ஆறடி ஆழத்தில் குந்தியிருந்தேன்.
மேலே செம்மண் ஒரு சாண்.
பிறகு சுண்ணாம்புக்கல்.
கல்லுக்குள் ஒரு பொந்து,
பொந்து நிறைய
ஊதினால் பறக்கிற வெள்ளை மணல்.
அதிலே புளியங்கொட்டை அளவில்
தவிட்டு நிற எலும்பு விளிம்பு,
விளிம்பின்மேல்
ஐந்து உருண்டைப் பற்கள்.

குழி வாசலில் வீட்டுக்காரி, திலகேஸ்வரி.
அவரின் நிழல் என் கைமேல் விழுந்தது.
தள்ளி நிற்கச் சொல்ல வாய் வரவில்லை.
"எத்தினை வயசு எண்டு சொல்லேலுமோ?"
என் படிப்பில் அந்தக் கேள்விக்கு இலக்கங்கள் உண்டு.
அவர் கேட்டது அந்த வயதை இல்லை.

"பொலிசுக்குச் சொல்லோணுமோ?" என்றார் யேசுரட்ணம்,
யாரையும் பார்க்காமல்.
"இவ பாக்கட்டும் முதல்" என்றார் திலகேஸ்வரி.

தளர்மணலில் கிடப்பதை எடுக்க வேண்டுமென்றால்
முதலில் எடுக்காமல் இருக்கத் தெரியவேண்டும்.
தூரிகை பட்டால் பல் உருளும்.
மூச்சுப் பட்டாலும்.
துவாயை வாயில் கட்டிக்கொண்டு
அசெற்றோனில் கரைத்த பசையை,
தண்ணீர்ப்பாலைவிட நீர்த்த பசையை,
ஊசி முனையில் ஒரு துளி.
எலும்பில் இல்லை, பக்கத்து மணலில்.
அது தானாக ஊர்ந்துபோய்
எலும்பைக் குடிக்கவைக்க வேண்டும்.
பிறகு சும்மா இரு.
பிறகு இன்னொரு துளி.

கச்சான் காற்றுக்கு அசெற்றோன் முந்திப் பறந்தது,
பசை வெள்ளையாய்ப் பூக்கப் பார்த்தது.
யேசுரட்ணம் படங்கை இழுத்துக் குழிக்குமேல் கட்டினார்.
நகப்பூச்சு அழிக்கிற மணம் கிடங்கு நிறைய,
தலை சுற்றி, இரண்டுதரம் ஏறி வந்து
வடலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
திலகேஸ்வரி தேத்தண்ணி தந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

பத்தொன்பது துளி.
சுற்றிவர மணலை வழித்து
காளான்போல் ஒரு தண்டில் நிறுத்தி,
ஈரத் தாள் போர்த்தி,
முறிந்த கைக்குப் போடுகிற பிளாஸ்ரரால் சுற்றி,
மாஜரின் பேணியைக் கவிழ்த்துத் தலைகீழாய்ப் புரட்டினேன்.
பேணிக்குள் ஏதோ கிலுங்கியதுபோல்.
இல்லை, என் காப்பு.

மூன்று இரவு, வில்லைக்குக் கீழே
பனை ஈர்க்குச் சீவி
மணலை மணியாய் மணியாய் விலக்கினேன்.
பல்லுக்கு வேர் இல்லை.
தாடையின்மேல் நேரே குந்தியிருந்தது,
சட்டைப் பித்தானைப்போல்.
அதோடு எனக்குத் தெரிந்துவிட்டது.
தெரிந்தது போதாமல் பருத்தித்துறைச் சந்தைக்குப் போய்
ஆயிரத்து நானூறு சொன்ன விளைமீனை
ஆயிரத்து இருநூறுக்கு வாங்கி,
தலையை உப்பில்லாமல் அவித்து,
தசையைப் பூனைக்குப் போட்டு,
தாடையை உரித்து, பக்கத்தில் வைத்தேன்.
பின்னால் பெரிசு, முன்னால் சிறிசு.
அதே உருண்டை, அதே வளைவு.
சிப்பியும் நண்டும் நொறுக்கின வாய்.
ஒன்றரைக் கோடி ஆண்டு, ஏறக்குறைய.
முந்தநாள் செத்த மீனுக்கும் இதற்கும் நடுவில்
மேசையில் இரண்டு விரற்கடை.

சிட்டையில் எழுதினேன்:
விளைமீன் குடும்பத்தை ஒத்தது.
இடது கீழ்த்தாடை.
புலோலி, ஆறடி, பொந்து மணல்.
வயது என்ற இடத்தில் பேனை நின்று
பிறகு எழுதியது.

"மீன்" என்றேன் திலகேஸ்வரியிடம்.
"வடிவாப் பாத்தனிங்களோ?"
"வடிவாப் பாத்தன்."
அவரின் முகத்தில் என்ன நடந்ததென்று
அடையாளம் காண எனக்குத் தெரியவில்லை;
அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க
என்னிடம் எதுவும் இல்லை.

உள்ளே போனார். பானை உருளுகிற சத்தம்.
மாவரிக்கிற அரிதட்டோடு வந்து
குழி விளிம்பில் குந்தினார்.
"வெட்டுங்கோ அண்ணை" என்றார் யேசுரட்ணத்திடம்.
"மிச்ச மண்ணையும் நான் அரிச்சுப் பாக்கிறன்."